கரை ஒதுங்கியது விமானமா, ராக்கெட்டா? எம்.எச்.370 ஊகங்களும் பழவேற்காட்டுக் கடலும்

2023 ஜூலை. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரீன் ஹெட் என்ற ஊருக்குப் பக்கத்தில், கடற்கரையில் பெரிய உருளை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. மேலெல்லாம் கடல் சிப்பி ஒட்டிய, ஆளைவிடப் பெரிய பொருள். போலீஸ் காவல் போட்டது. அதற்குள் சோஷியல் மீடியா தீர்ப்பு எழுதிவிட்டது: "எம்.எச்.370 கிடைச்சிருச்சு!"

இரண்டு வாரம் கழித்து ஆஸ்திரேலிய விண்வெளி முகமை விளக்கம் கொடுத்தது. அது விமானத்தின் பாகம் இல்லை. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

பி.எஸ்.எல்.வி. கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் இருக்கும் தீவு. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக் குப்பங்களில் இருந்து யாரும் கடலுக்குப் போகக் கூடாது. மேலே போவதில் ஒரு பகுதி கீழே கடலில் விழும் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். அந்த மாதிரி விழுந்த ஒன்றைத்தான் காணாமல் போன விமானம் என்று பாதி உலகம் நம்பியது.

ஏன் இப்படி நடக்குது? பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் எம்.எச்.370 பற்றிய ஊகங்கள் ஏன் ஓயலை? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

அன்று என்ன நடந்தது?

2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். கோலாலம்பூரில் இருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பிய மலேசியன் ஏர்லைன்ஸ் போயிங் 777 விமானத்தில் 239 பேர் இருந்தார்கள். சுமார் 40 நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறையின் திரையில் இருந்து அது மறைந்தது. பிறகு திசை மாறி, மலேசியத் தீபகற்பத்தைக் கடந்து மேற்கே போனதை ராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது. அந்தமான் கடலை நெருங்கிய பிறகு ரேடாரிலும் இல்லை.

ஆனால் விமானத்தில் இருந்த கருவி ஒன்று, இன்மார்சாட் செயற்கைக்கோளோடு காலை 8.19 வரை தானாகவே தொடர்பில் இருந்தது. அந்தச் சிக்னல்களை, அதே சமயத்தில் பறந்த மற்ற விமானங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விமானம் தெற்கே போய், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் முடிந்திருக்கிறது என்ற முடிவு கிடைத்தது. மலேசியப் பிரதமர் இதை அறிவித்தது மார்ச் 24-ல்.

அந்த 16 நாட்களில்…

வதந்திகள் விளைந்தது இந்த இடைவெளியில்தான். முதலில் தென் சீனக் கடலில் தேடினார்கள். அப்புறம் மலாக்கா நீரிணை. பிறகு அந்தமான். இந்தியக் கடற்படையும் விமானப் படையும் களமிறங்கி, வங்கக் கடலில் சென்னைப் பக்கம் வரைக்கும் தேடல் விரிந்தது. இடம் மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கதை பிறந்தது. டியேகோ கார்சியா ராணுவத் தளத்தில் இறங்கிவிட்டது என்றது ஒன்று. மாலத்தீவின் மேல் தாழப் பறந்தது என்றது இன்னொன்று.

ஏப்ரல் கடைசியில், ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று, வங்கதேசத்துக்குத் தெற்கே வங்கக் கடலுக்கு அடியில் விமானத்தின் உலோகங்கள் தெரிகின்றன என்று சொன்னது. வங்கதேசக் கடற்படை கப்பல் அனுப்பித் தேடியது. ஒன்றும் இல்லை. தவறான துப்பு ஒன்றுக்காகக் கப்பல், எரிபொருள், ஆட்களின் நேரம் எல்லாம் செலவானது.

பொதுமக்கள் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. டோம்நாட் என்ற இணையதளத்தில் லட்சக்கணக்கான பேர் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களை அலசினார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவர்கள் முதலில் பார்த்த படங்கள் விமானம் விழாத கடலைச் சேர்ந்தவை.

"ஃபோன் ரிங் போச்சே?"

பயணிகளின் நம்பருக்கு அழைத்தால் ரிங் போகிறது என்று 2014-ல் உறவினர்கள் சொன்னார்கள். அப்படியானால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?

தொழில்நுட்பம் தரும் பதில் கொடுமையானது. நாம் அழைத்ததும் நம் காதில் கேட்பது எதிர்முனை ஃபோனின் சத்தம் இல்லை. நெட்வொர்க் நமக்கு அனுப்பும் ஒலி. எதிர்முனை ஃபோனை நெட்வொர்க் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒலி கேட்கலாம். ஆக, ரிங் போனது உண்மை. அதை வைத்து ஃபோன் எங்கோ இயங்குகிறது என்று முடிவு கட்ட முடியாது. இதை ஒரு அம்மாவிடமோ கணவரிடமோ யார் போய்ச் சொல்வது?

சென்னையில் இருந்து கிளம்பிய ஒருவர்

அந்த 239 பேரில் ஒருவர் சந்திரிகா சர்மா. சிறு மீனவர்களின் உரிமைக்காகச் சென்னையில் இருந்து இயங்கும் ஐ.சி.எஸ்.எஃப். என்ற சர்வதேச அமைப்பின் செயல் செயலாளர். மங்கோலியாவில் நடந்த ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சிறு மீன்பிடித் தொழிலுக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள் உருவாக அவர் உழைத்திருந்தார். அவர் காணாமல் போன மூன்றாவது மாதம், 2014 ஜூனில், அவை ஏற்கப்பட்டன. அந்த ஆவணமே அவருக்குத்தான் சமர்ப்பணம். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று முறை வைத்து மீன் பிடிக்கிறார்களே, அந்த மாதிரியான பாரம்பரிய உரிமைகளை மதிக்கச் சொல்லும் ஆவணம் அது.

அவரது கணவர் கே.எஸ்.நரேந்திரன், இந்தக் காத்திருப்பைப் பற்றி 2018-ல் ஒரு புத்தகமே எழுதினார். நமக்கு 'மர்மம்' என்று க்ளிக் பண்ணும் தலைப்பு, அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் காலியாக இருக்கும் ஒரு நாற்காலி.

காத்து, தண்ணி: மீனவர் கேட்கும் கேள்வி

படகு ஒன்று திரும்பவில்லை என்றால் மீனவக் கிராமத்தில் முதலில் கேட்பது: கடைசியா எங்கே பார்த்தது? காத்து எந்தப் பக்கம் அடிக்குது? தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது? அதைக் கணக்குப் பண்ணித்தான் மற்ற படகுகள் தேடக் கிளம்பும்.

எம்.எச்.370 விசாரணையிலும் இதே கேள்விதான் கை கொடுத்தது. 2015 ஜூலை 29-ல் ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பகுதி ஒதுங்கியது. உள்ளே இருந்த எண்களைத் தயாரிப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான், இது அந்த விமானத்துடையதுதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள், அதே மாதிரியான ஒரு நிஜப் பாகத்தை அதே அளவுக்கு வெட்டிக் கடலில் மிதக்க விட்டார்கள். காற்றும் நீரோட்டமும் அதை எப்படி இழுக்கிறது என்று அளந்து, விமானம் விழுந்த இடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

அனுமானம் செய்வது தப்பில்லை. இதுவும் அனுமானத்தில் தொடங்கியதுதான். ஆனால் தவறாக இருந்தால் தவறென்று காட்ட இதில் வழி இருக்கிறது. டியேகோ கார்சியா கதையில் அந்த வழி இல்லை; "மறைக்கிறாங்க" என்று சொன்னால் கதை முடிந்தது.

நம்ம கடலில் ஏழரை வருடம்

2016 ஜூலை 22. தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் மறைந்தது. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று பெரிய தேடல் நடந்தது. அப்போதும் ஃபோன் ரிங் போகிறது என்று குடும்பத்தினர் சொன்ன செய்தி டிவியில் ஓடியது. செப்டம்பரில், 29 பேரும் இறந்திருக்கலாம் என்று அறிவித்துத் தேடலை நிறுத்தினார்கள்.

பதில் வந்தது 2024 ஜனவரியில். சென்னையைச் சேர்ந்த தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை என்பதால், இது ஏ.என்.-32 ஆகத்தான் இருக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. கடத்தலும் இல்லை, ரகசியத் தீவும் இல்லை. ஆழம் அதிகம், அங்கே போய்ப் பார்க்கும் கருவி வர நாளாச்சு. அவ்வளவுதான்.

காணவில்லை என்றால் என்ன?

கடலோரக் குடும்பங்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். உடல் கிடைக்காவிட்டால், இறந்துவிட்டார் என்று அனுமானிக்க நம் சட்டம் பொதுவாக ஏழு வருடம் கேட்கிறது. இறப்புச் சான்று, இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு எல்லாமே அதில் மாட்டும். அந்த ஏழு வருடத்தில் "அவரை அங்கே பார்த்தாங்களாம்" என்று வரும் ஒவ்வொரு பேச்சும் அந்த வீட்டை மறுபடி முதல் நாளுக்கே கொண்டுபோய் விடும்.

எம்.எச்.370-க்கான தேடல் முடிந்த கதை இல்லை. 2025 மார்ச்சில் மலேசிய அரசு, ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் போட்டது. சுமார் 15,000 சதுர கி.மீ. புதிய பகுதியில் தேடணும்; கண்டுபிடித்தால் மட்டும் 7 கோடி டாலர். ஆக, இனியும் ஃபார்வர்டுகள் வரும்.

வந்தால் மூன்றே கேள்வி கேளுங்க. கிடைத்த பொருளில் எண் இருக்கா, யார் சரிபார்த்தாங்க? கிடைத்த இடத்துக்குக் காத்தும் தண்ணியும் அதைக் கொண்டு வந்திருக்க முடியுமா? இது பொய் என்றால், பொய் என்று காட்ட வழி இருக்கா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஷேர் பட்டனைத் தொடாதீங்க. அந்த ஃபார்வர்டு கடைசியில் போய்ச் சேரும் ஃபோன்களில் ஒன்று, இன்னும் காத்திருக்கிற ஒருத்தருடையதாக இருக்கலாம்.