அரிப்பு நின்றால் நோய் தீர்ந்ததா?

காற்பந்து விளையாடிவிட்டு, ஈரமான காலுறையைக் கழற்றாமலேயே நெடுநேரம் இருக்கும் மாணவர்கள் பலர். இவ்வாறு தொடர்ந்து இருந்தால், கால்விரல் இடுக்குகளில் அரிப்பு எடுக்கலாம். தோல் வெளுத்து உரியத் தொடங்கலாம். இதைச் சேற்றுப்புண் என்பர். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் செழித்து வளரும் பூஞ்சைகளே இதற்குக் காரணம்.

இதற்குச் சிலர் தாவர எண்ணெயைத் தேடுகின்றனர்; வேறு சிலர் மருந்தகத்தில் களிம்பு வாங்குகின்றனர். இவ்விரண்டில் எது சிறந்தது? இதற்கு விடை காண, முதலில் பூஞ்சையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

பூஞ்சை தாவரமும் அன்று, விலங்கும் அன்று. ஆயினும், அதன் உயிரணுவின் அமைப்பு பல வகைகளில் மனித உயிரணுவை ஒத்திருக்கிறது. ஆகவே, பூஞ்சையை அழிக்கும் பொருள் மனித உடலுக்கும் தீங்கு செய்யக்கூடும். எனினும், இரண்டுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மனித உயிரணுவின் மேற்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் மேற்சவ்விலோ எர்கோஸ்டெரால் என்னும் பொருள் இருக்கிறது. டோல்னாஃப்டேட் போன்ற செயற்கை மருந்துகள் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் பூஞ்சையின் வளர்ச்சி தடைபடுகிறது.

தாவரங்களையும் பூஞ்சைகள் தாக்குகின்றன. ஓரிடத்தில் வேரூன்றி நிற்கும் தாவரம் தப்பியோட முடியாது. எனவே, அது தன்னைக் காத்துக்கொள்ளப் பல வேதிப்பொருள்களை உருவாக்குகிறது. கிராம்பு, எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்களிலும் இத்தகைய பொருள்கள் உள்ளன. அவை பூஞ்சையின் மேற்சவ்வில் ஊடுருவி அதைச் சிதைக்கின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் பூஞ்சையின் நடுவே இத்தகைய எண்ணெயில் தோய்த்த சிறு தாளை வைத்தால், அதைச் சுற்றிப் பூஞ்சை வளராத வெற்றிடம் தோன்றுவதைக் காணலாம்.

ஆனால், தட்டில் பெற்ற வெற்றி தோலிலும் கிடைக்குமா? ஆஸ்திரேலியாவில் வளரும் 'டீ ட்ரீ' மரத்தின் எண்ணெய் இதற்கு நல்ல சான்று. பெயரில் 'டீ' இருந்தாலும், இது தேயிலைச் செடி அன்று. அந்நாட்டுப் பழங்குடியினர் இதன் இலைகளைக் கசக்கிப் புண்களுக்கு இட்டனர். 1992ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், சேற்றுப்புண் கண்ட 104 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் இந்த எண்ணெய் 10 விழுக்காடு கலந்த களிம்பையும், மற்றொரு குழுவினர் டோல்னாஃப்டேட் களிம்பையும், மூன்றாம் குழுவினர் மருந்து கலவாத வெறும் களிம்பையும் பூசினர்.

முடிவு சிந்திக்கத்தக்கது. எண்ணெய் பூசியவர்களுக்கும் டோல்னாஃப்டேட் பூசியவர்களுக்கும் அரிப்பு, எரிச்சல் போன்ற தொல்லைகள் நன்கு குறைந்தன. ஆனால், தோலைச் சோதித்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. டோல்னாஃப்டேட் பூசியவர்களுள் 85 விழுக்காட்டினரிடம் பூஞ்சை காணப்படவில்லை. எண்ணெய் பூசியவர்களுள் 30 விழுக்காட்டினரிடமே அது மறைந்திருந்தது. வெறும் களிம்பு பூசியவர்களுள் இந்த அளவு 21 விழுக்காடு. அதாவது, எண்ணெய் பூசிய பலருக்குத் தொல்லை குறைந்தது. பூஞ்சையோ தோலிலேயே தங்கியிருந்தது!

2002ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில் எண்ணெயின் அளவு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டபோது, 64 விழுக்காட்டினரிடம் பூஞ்சை மறைந்தது. ஆனால், அந்த ஆய்வில் எண்ணெய் பூசியவர்களுள் நால்வருக்குத் தோல் அழற்சி ஏற்பட்டது. மேலும், இந்த எண்ணெயை விழுங்கினால் உடலுக்கு நஞ்சாகும். இயற்கையானது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

செயற்கை மருந்துகளுக்கும் குறை உண்டு. நாளடைவில் சில பூஞ்சைகள் அவற்றை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன. 2009ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்னும் பூஞ்சை, இன்று பல நாட்டு மருத்துவமனைகளுக்குச் சவாலாக விளங்குகிறது. அதற்கு எதிராகப் பல மருந்துகள் பயனளிப்பதில்லை. இதனால்தான், புதிய மருந்துகளைத் தேடும் அறிவியலாளர்கள் தாவர எண்ணெய்களையும் தொடர்ந்து ஆராய்கின்றனர்.

ஆகவே, ஒரு மருந்து இயற்கையானதா, செயற்கையானதா என்று கேட்பது மட்டும் போதாது. அது நோயின் காரணத்தை நீக்குகிறதா, எந்த அளவில் பாதுகாப்பானது என்றும் கேட்க வேண்டும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல், மருத்துவர் கூறிய காலம்வரை பயன்படுத்துவதே அறிவுடைமை. விளையாடி முடித்ததும் காலுறையைக் கழற்றி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்துக்கொள்வதோ அதனினும் எளிது.