உஷார்! ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டினால் வீட்டில் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பாதீர்கள்

“ஏல, பாத்ரூம் பக்கம் என்னமோ கருகுத நாத்தம் அடிக்கு. வெந்நீர் மெஷின் லைட்டு அணையவே இல்ல.”

காலை ஆறரை மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா பேசினாள். நான் சென்னையில் இருந்தேன். பதறிப்போய் ஆப்பைத் திறந்தேன். கீசர் ஐந்தரைக்கு ஓடத் தொடங்கி ஐந்து ஐம்பதுக்கு நின்றுவிட்டதாக அது சொன்னது. “போன்ல ஆஃப்னுதாம்மா காட்டுது” என்றேன். “போன்ல காட்டட்டும்ல, இங்க எரியுதுல்லா!”

பாத்ரூம் சுவிட்சில் கை வைக்காமல் வராந்தாவுக்குப் போய் மெயினை இறக்கச் சொன்னேன். இறக்கினாள். அன்று அவள் நாசியும் அந்த மெயின் சுவிட்சும்தான் வீட்டைக் காப்பாற்றின. நான் வாங்கி மாட்டிய ஸ்மார்ட் பிளக் காப்பாற்றவில்லை.

மதியம் எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கைக் கழற்றிப் படம் அனுப்பினார். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்தது. பித்தளைக் கால்களில் ஒன்று கருநீலமாகியிருந்தது. உள்ளே ரிலேயின் இரண்டு புள்ளிகளும் பற்றவைத்ததுபோல ஒட்டிக் கிடந்தன. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “சார், மூவாயிரம் வாட்ஸ் ஹீட்டரைப் பத்து ஆம்பியர் பிளக்குல போடலாமா?”

போடக் கூடாது. நான் போட்டிருந்தேன். கீசரின் தடித்த 16 ஆம்பியர் பிளக் அதில் நுழையவில்லை என்று கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் சொருகியும் வைத்தேன். நுழையாததே ஒரு எச்சரிக்கை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. இதே தவறு இப்போது எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் சுவிட்ச் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரு ரிலே. இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தொட்டால் கரண்ட் பாயும், விலகினால் நிற்கும். தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால், விலகும் ஒவ்வொரு முறையும் அங்கே பொறி பறக்கும். புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் நீங்கள் எத்தனை முறை ‘ஆஃப்’ அழுத்தினாலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். மலிவான பிளக்குகள் பலவற்றில் ஆப் காட்டுவது, தான் அனுப்பிய கட்டளையைத்தான். புள்ளிகள் விலகினவா என்று அதற்குத் தெரியாது.

கணக்கு எளியது. சாதனத்தின் வாட்ஸை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் கீசருக்கு 8.7 ஆம்பியர். 3000 வாட்ஸ் கீசருக்கு 13. பத்து ஆம்பியர் பிளக்கில் முதலாவதே விளிம்பில் நிற்கிறது. இரண்டாவது எல்லை தாண்டிவிட்டது. கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எதுவானாலும் பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வாட்ஸைப் படிக்காமல் ஸ்மார்ட் பிளக்கில் சொருகாதீர்கள்.

இன்னொன்று. பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் ஒரே ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். சுவர் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தால், பிளக் ‘ஆஃப்’ ஆன பிறகும் சாதனத்துக்குள் கரண்ட் நிற்கும். ஆப்பில் அணைத்துவிட்டோமே என்று ஹீட்டரையோ வாஷிங் மெஷினையோ திறந்து கை வைப்பது உயிரோடு விளையாடுவது.

கிணற்றில் ஆள் இருக்கிறார், மோட்டார் ஓடுகிறது

ஊர்ப்பக்கம் சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் பரவலாக வந்துவிட்டது. நடுராத்திரி கரண்ட் வரும்போது வயலுக்கு ஓட வேண்டாம், ஒரு போன் அழைப்பில் மோட்டார் ஓடும். விவசாயிக்கு இது பெரிய வரம். ஆனால் மோட்டாரைப் பழுது பார்க்கப் பங்காளி கிணற்றில் இறங்கியிருக்கிறார் என்பது வெளியூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல், நீங்கள் போனை அழுத்தினால்? அல்லது யாரோ என்றைக்கோ வைத்த டைமர் அந்த நிமிஷம் பார்த்து வேலை செய்தால்?

பழைய எலக்ட்ரீஷியன்களின் பழக்கம் ஒன்று உண்டு. வேலைக்கு இறங்கும் முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கட்டை தன் பையில் இருக்கும்வரை உலகத்தில் யாராலும் அந்த மோட்டாரை ஓட்ட முடியாது. தானியங்கி வந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் பல மடங்கு அவசியம். கை வைப்பதற்கு முன் மெயினை இறக்குங்கள், ஃபியூஸைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாதாரண ஸ்மார்ட் பிளக் அதைத் தாங்காது. முறையான ஸ்டார்ட்டர் அல்லது கான்டாக்டர் வழியாகத்தான் கட்டுப்படுத்த வேண்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லாதபோது டைமர் ஓட்டினால் காயில் கருகும். ஆகவே மேல்தொட்டியில் மட்டுமல்ல, கீழ்ச் சம்ப்பிலும் சென்சார் இருக்கட்டும்.

கரண்ட் போய் வரும்போது கவனம்!

அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. அயர்ன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறீர்கள். கரண்ட் வருகிறது. அந்த ஸ்மார்ட் பிளக் ஆன் ஆகுமா, ஆஃபில் நிற்குமா?

பல ஆப்களில் இதற்கென்றே ஒரு செட்டிங் உண்டு: கரண்ட் திரும்பியதும் ஆன், ஆஃப், அல்லது பழைய நிலை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்துபவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சூடாகும் சாதனம் எதுவானாலும் ‘ஆஃப்’ என்றே வையுங்கள். அந்த வசதி இல்லாத பிளக்கில் சூடாகும் பொருளை மாட்டவே வேண்டாம்.

எர்த் கம்பியில் நியூட்ரலா? விடாதீர்கள்

பழைய வீடுகள் பலவற்றின் சுவிட்ச் பாக்ஸில் பேஸ் கம்பி மட்டும்தான் வரும், நியூட்ரல் இருக்காது. ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவும் நியூட்ரல் கேட்கும். புதிதாகக் கம்பி இழுக்கச் சோம்பல்படும் சிலர், பக்கத்திலிருக்கும் எர்த் கம்பியை நியூட்ரலாகக் கொடுத்துவிடுகிறார்கள். விளக்கு எரியும், ஆப் வேலை செய்யும், பணமும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அந்த எர்த் கம்பி எங்காவது விட்டுப்போனால், அதே கம்பியில் இணைந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உடம்பெல்லாம் கரண்ட் ஏறும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள்: “நியூட்ரல் எங்கேருந்து எடுக்கிறீங்க?” பதில் எர்த் என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில், ஸ்மார்ட் சுவிட்சுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

உங்கள் கேமரா யார் போனில் ஓடுகிறது?

குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அந்தக் கேமராவின் பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று செய்திகள் வந்தன. 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை அமெரிக்காவில் முடக்கிய ‘மிராய்’ என்ற தீம்பொருளின் தாக்குதலும் இப்படித்தான். கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டுகள் 60-க்கு மேல் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது ஒவ்வொன்றாகத் திறந்து படையாகச் சேர்த்தது.

நம்மூரில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. கேமரா மாட்ட வருபவர், “நான் செட் பண்ணித் தரேன் அண்ணே” என்று தன் போன் நம்பரிலேயே கணக்கைத் திறந்து, உங்களுக்கு ஷேர் மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். கெட்ட எண்ணம் இல்லாமலும் செய்வார்கள். ஆனால் அந்தக் கேமராவின் முதலாளி அவர், நீங்கள் விருந்தாளி. உங்கள் நம்பரில், உங்கள் கையால் கணக்கைத் தொடங்குங்கள். பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். படுக்கையறை, உடை மாற்றும் இடம், குளியலறைப் பாதை ஆகிய இடங்களில் கேமராவே வேண்டாம். பெரிய கம்பெனி என்பதால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது. அமேசானின் ரிங் கேமரா காட்சிகளை ஊழியர்களாலேயே பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், 2023-ல் அந்நிறுவனம் 58 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஏதேனும் நடந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பூட்டும் சர்வரும்

ஸ்மார்ட் பூட்டு பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி தீர்ந்த நாளில் திறக்க இரும்புச் சாவி இருக்கிறதா, அது வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் முதியவர், ஆப் இல்லாமல் கைப்பிடியைத் திருகி வெளியே வர முடிய வேண்டும்.

2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ‘இன்ஸ்டியான்’ என்ற ஸ்மார்ட் சாதன நிறுவனம் முன்னறிவிப்பின்றி சர்வரை மூடியது. ஒரே நாளில் வாடிக்கையாளர்களின் ஆப் செத்தது. சுவரில் கையால் அழுத்தும் சுவிட்ச் இருந்தவர்கள் விளக்குப் போட்டுக்கொண்டார்கள். இண்டர்நெட் இல்லாத நேரத்தில் இது எப்படி வேலை செய்யும் என்று கடைக்காரரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

இன்று இரவே செய்யுங்கள்

தானியங்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மா வீட்டில் ராத்திரி எழுந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு இன்றும் இருக்கிறது. முழங்கால் வலியோடு இருட்டில் தடுமாறாமல் அவள் நடக்கிறாள். விளக்கு, ஃபேன், காலிங் பெல் இவற்றுக்கு அது நல்ல துணை. கீசரை மட்டும் மறுபடி 16 ஆம்பியர் சுவர் சுவிட்சுக்கு மாற்றிவிட்டோம். பாத்ரூமுக்கு வெளியே, அவள் கை எட்டும் உயரத்தில்.

நீங்களும் இன்று படுக்கும் முன் வீட்டை ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு ஸ்மார்ட் பிளக்கையும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, கால்கள் கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ திரும்ப மாட்டாதீர்கள். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு நீங்கள் மாட்டிக் கொடுத்தது என்றால், நாளைக்கே ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்பதை அவர்கள் கையாலேயே ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.