நிழலை அளந்து பூமியை அளப்போம்

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைக்கப்பட்ட அது 1970-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதை ஏன் ஒரு மலைச்சரிவில் நிறுவினார்கள், தெரியுமா? அச்சரிவு வடக்குத் தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்துள்ளது. அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகைதான்! ஆகவே, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது.

இந்த 11 பாகையைத் தேயிலைத் தோட்டத்துத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் ஒரு குச்சியைக் கொண்டு கண்டறியலாம். மார்ச் 21 அல்லது செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கும். அன்று சமதளமான இடத்தில் 1 மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டின் உதவியால் செங்குத்தாக நிறுத்த வேண்டும். பகல் 12 மணியிலிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். மிகக் குறுகிய நிழல் விழும் நேரமே உச்சிப்பொழுது. உதகையில் அந்நிழல் சுமார் 20 செ.மீ. இருக்கும். தாளில் குச்சியை 10 செ.மீ. ஆகவும் நிழலை 2 செ.மீ. ஆகவும் வரைந்து, நுனிகளை இணைத்து, குச்சியின் உச்சியில் உள்ள கோணத்தை அளந்தால் 11 பாகைக்குச் சற்று மேல் வரும்.

ஆனால், ஒரு பள்ளியின் நிழல் மட்டும் பூமியின் அளவைச் சொல்லாது. இரண்டாவது பள்ளி வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த எரட்டோஸ்தனிஸ், சையீன், அலெக்சாந்திரியா என்னும் இரு ஊர்களின் நிழல்களை ஒப்பிட்டே பூமியின் சுற்றளவைக் கணித்தார். இன்று அதற்குக் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி போதும்.

உலகப்படத்தைப் பாருங்கள். கசகஸ்தானின் அல்மாட்டி நகரம் உதகைக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, சுமார் 3,530 கி.மீ. தொலைவில் உள்ளது. அதே நாளில் அங்கே 1 மீட்டர் குச்சியின் நிழல் சுமார் 94 செ.மீ.; கோணம் 43.2 பாகை. உதகையின் கோணம் 11.4 பாகை. வேறுபாடு 31.8 பாகை. சூரியக் கதிர்கள் இணையாக வருவதால், இரு ஊர்களும் பூமியின் மையத்தில் தாங்கும் கோணமும் இதுவே. 360-ஐ 31.8-ஆல் வகுத்து 3,530-ஆல் பெருக்குங்கள். சுமார் 39,960 கி.மீ. கிடைக்கும். துருவங்கள் வழியாக பூமியின் உண்மைச் சுற்றளவு சுமார் 40,008 கி.மீ.! அங்குள்ள குழந்தைகளுக்குத் தமிழ் தெரியாது. நமக்குக் கசாக் மொழி தெரியாது. எண்களுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

1975-76-இல் இந்தியா, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அது மாபெரும் முயற்சி. எனினும் குழந்தைகள் அதில் பார்வையாளர்களே. திரும்பப் பதில் சொல்ல வழியில்லை. பிரான்சில் ஜார்ஜ் ஷர்பாக் என்னும் இயற்பியலறிஞர் 1996-இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், 2000-ஆம் ஆண்டில் எரட்டோஸ்தனிஸ் சோதனையைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. அதில் பல நாட்டுக் குழந்தைகள் தாமே அளந்து, அளவுகளைப் பரிமாறிக்கொண்டனர்.

இப்படிப் பரிமாறும்போது பொறுப்பும் கூடுகிறது. உதகையில் நிழலை 1 செ.மீ. தவறாக அளந்தால், பூமியின் சுற்றளவில் சுமார் 700 கி.மீ. பிழை நேரும். அதனால் அல்மாட்டிக் குழந்தைகளின் உழைப்பும் வீணாகும் அல்லவா?

மூடுபனி மறைத்தால் கவலை வேண்டாம். செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை, இரு ஊர்களிலும் வெயில் அடிக்கும் எந்த நாளும் இதற்கு ஏற்றதே. இருவரும் ஒரே நாளில் அளந்தால் போதும். உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் சென்று, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் குச்சி நட உதவுங்கள். அளப்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.