பின்னணி ஓடினால் தலை ஏன் சுற்றுகிறது?

கோட்டை ரயில் நிலையத்தில் நம் ரயில் நிற்கிறது. பக்கத்து ரயில் மெல்ல நகரும்போது, நாம்தான் புறப்பட்டுவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றும். இத்தகைய மயக்கத்தை ஆஸ்திரிய இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் மாக் 1875இல் வெளியிட்ட நூலிலேயே ஆராய்ந்திருக்கிறார். வீடியோ கேமிலும் நடப்பது இதுதான்.

மலை, வானம், கட்டடம் என்று பின்னால் தெரிபவை அசையாதவை என்றே மூளை எடுத்துக்கொள்ளும். திரையின் முன்பகுதியில் ஒரு பந்து ஓடினால் 'பந்து ஓடுது' என்கிறது. பின்னணி முழுவதும் நகர்ந்தாலோ 'நான் ஓடுறேன்' என்கிறது.

விளையாட்டுகளை உருவாக்குவோர் இதை நன்கு அறிவர். 1982இல் ஜப்பானில் உருவான 'மூன் பெட்ரோல்' விளையாட்டில் தூரத்து மலைகள் மெதுவாகவும் கிட்டிய மேடுகள் வேகமாகவும் நகரும். தட்டையான திரைக்கு அது ஆழத்தையும் வேகத்தையும் கொடுத்தது.

ஆனால், உடலின் அசைவை உணரும் இன்னொரு உறுப்பு உட்காதில் இருக்கிறது. கண் 'ஓடுறோம்' என்று சொல்ல, காது 'இல்ல, கதிரையிலதான் இருக்கிறோம்' என்று சொல்கிறது. தலைச்சுற்றும் குமட்டலும் இந்த முரண்பாட்டால் வருகின்றன என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஓடும் வேனில் புத்தகம் வாசிக்கும்போது இது தலைகீழாக நடக்கிறது: காது அசைவை உணர்கிறது, கண்முன் இருக்கும் பக்கமோ அசையாமல் நிற்கிறது.

கூரைக்குக் கூரை பாய்ந்தோடும் 'மிரர்ஸ் எட்ஜ்' 2008இல் வெளிவந்தது. குமட்டலைக் குறைப்பதற்காகவே அதன் திரை நடுவில் ஒரு சிறு புள்ளியை வைத்தார்கள். சுற்றிலும் எல்லாம் ஓடினாலும், கண்ணுக்குப் பிடித்து நிற்க ஓரிடம் கிடைத்தது.

ஆகவே, 'தலை சுத்துது உம்மா' என்று பிள்ளை சொன்னால் அதை நடிப்பென்று தள்ளிவிடக் கூடாது. கூட விளையாடுபவர்கள் 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்வதும் நியாயமில்லை. உட்காதின் சமநிலை உறுப்பு இருபுறமும் முற்றாகச் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை. குமட்டல் வருவது பலவீனத்தின் அடையாளமல்ல. புலன்கள் தத்தம் வேலையைச் செய்வதால் வருவது.

குமட்டல் தொடங்கியதுமே விளையாட்டை நிறுத்த வேண்டும். 'பழகிரும்' என்று வம்பாகத் தொடரக் கூடாது. பார்வையைத் திரை நிரப்ப நிரப்ப மயக்கம் கூடும் என்பதால் சற்றுத் தள்ளி இருப்பதும், அறையில் வெளிச்சம் வைப்பதும் உதவும். பல விளையாட்டுகளில் கமரா அதிர்வை நிறுத்திவிடும் வசதி உண்டு. அதைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள்.