‘டபிள்யூ’ போட்டால் துடைத்துவிடும்

புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் திரட்டி 1929-இல் ஒரு நூல் வந்தது. குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் என்று ஊர் ஊராகப் படியெடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாசகங்கள் அதில் அரச மரபு வாரியாக இருக்கின்றன. ஊர், அரசன், ஆட்சியாண்டு ஆகிய மூன்றை மட்டும் கணினியில் பட்டியலாக ஏற்ற ஒரு கல்லூரி மாணவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சி மொழி. பாடப்புத்தகங்களில் மாணவர் பெயரும் மதிப்பெண்ணும்தான் உதாரணம், அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழில் செய்து பார்த்தால்தான் இந்த மொழியின் குணம் பிடிபடும்.

நிரல் ஓடி முடிந்ததும் அதன் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். நிற்க வேண்டியதை வட்டில் கோப்பாக எழுதியாக வேண்டும். அதற்கு முதல் படி ‘எஃப்ஓபன்’. கோப்பின் பெயரையும், எதற்காகத் திறக்கிறோம் என்பதையும் இதற்குச் சொல்ல வேண்டும். ‘ஆர்’ என்றால் படிக்க. கோப்பு இல்லாவிட்டால் ‘நல்’ என்று வெறுங்கை விரிக்கும். ‘ஏ’ என்றால் கடைசியில் சேர்க்க. ‘டபிள்யூ’ என்றால் எழுத. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் திறக்கும். “அழிக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்காது. ஒரு மாத உழைப்பு ஒரே எழுத்தில் போகும். சி மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தர வரையறையில் ‘எக்ஸ்’ என்ற சேர்க்கை வந்தது. ‘டபிள்யூ’வோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால், கோப்பு ஏற்கெனவே இருக்கும்போது திறக்க மறுத்துவிடும். பல வகுப்பறைகளில் இதைச் சொல்லித் தருவதே இல்லை என்பது என் குறை.

எழுதச் சொன்னவுடன் எழுத்து வட்டுக்குப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். இடையில் ‘பஃபர்’ என்ற தற்காலிக இடம் இருக்கிறது. ஆள் நிரம்பினால்தான் கிளம்புவேன் என்று நிற்கும் ஷேர் ஆட்டோவைப் போல, அது நிரம்பும்வரை தரவைத் தேக்கிவைக்கும். வட்டை அடிக்கடி தொடுவது நேரம் பிடிக்கும் வேலை என்பதால் இந்த ஏற்பாடு. ‘எஃப்குளோஸ்’ சொன்னால் மிச்சம் இருப்பதையும் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடும். அதற்குமுன் மின்சாரம் போனால் கடைசியாக எழுதிய சில வரிகள் கிடைக்காமல் போகலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘புதுக்கோட்டை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் ‘பு’ என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். இப்படி மொத்தம் 12. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக, ஊர்ப் பெயருக்கு மட்டும் 36 பைட். டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கிய அதே பெல் ஆய்வகத்தில்தான் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் யூடிஎஃப்-8 முறையை வகுத்தார்கள். சி மொழி அதற்கு இருபது வருடம் மூத்தது. அதற்குத் தெரிந்தது பைட் மட்டும்தான்.

இதனால் என்ன கெடும்? ஒரு வரியைப் படிக்க ‘எஃப்கெட்எஸ்’ இருக்கிறது. அதற்கு 20 பைட் இடம் கொடுத்தால், முடிவுக்குறிக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டு 19 பைட் படிக்கும். 18 பைட்டில் ‘புதுக்’ வந்துவிடும். பத்தொன்பதாவது பைட், அடுத்து வரும் ககரத்தின் மூன்றில் ஒரு துண்டு. திரையில் அந்த இடத்தில் கேள்விக்குறியோ கட்டமோ தெரியும். எழுத்துருவில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம். இடத்தைத் தாராளமாகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

குறிப்பிட்ட பதிவுக்கு நேரே தாவ ‘எஃப்சீக்’. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் 256 பைட் என்று ஒரே அளவாக ஒதுக்கி, பைனரி முறையில் கோப்பைத் திறந்தால், 500-ஆவது பதிவு 499 × 256, அதாவது 1,27,744 பைட் தள்ளித் தொடங்கும். முந்தைய 499-ஐப் படிக்கவே வேண்டாம். ஆனால் 256 பைட்டில் 85 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். ஊரும் அரசனும் ஆட்சியாண்டும் தாராளமாகப் பிடிக்கும். கல்வெட்டின் முழு வாசகத்தையும் அதில் திணிக்கப் பார்க்காதீர்கள். அதைத் தனிக் கோப்பில் வைப்பதே நல்லது.

பழகுவதை நகல் கோப்பில் பழகுங்கள். ‘எஃப்ஓபன்’ தருவது ‘நல்’தானா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். ‘எஃப்குளோஸ்’ திருப்பித் தரும் எண்ணையும் பாருங்கள்; பூஜ்யம் வந்தால் நல்லபடி மூடியது என்று பொருள். வட்டில் இடம் தீர்ந்துபோன செய்தி சில நேரம் அந்தக் கடைசி எண்ணில்தான் தெரியவரும்.