என்ஜினுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: கழற்றிவிட்டு கார்புரேட்டர் போடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். மேஜை மீது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, வாசலில் நிற்கும் பைக்கிலோ காரிலோ ஒரு சிறிய கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருக்கலாம். அதன் பெயர் இசியு. என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தர வேண்டும் என்று கணக்கிடுவதே அதன் வேலை. இந்த முறைக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன், சுருக்கமாக எஃப்.ஐ. என்று பெயர்.

நான் சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால், பர்கூருக்கு வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி இது: "பழைய எஃப்.ஐ. வண்டி மக்கர் பண்ணுது. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு கார்புரேட்டர் போட்டா என்னங்க?" இதற்கான பதிலை இங்கு காண்போம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கார்புரேட்டரில் கம்ப்யூட்டர் கிடையாது. குறுகலான குழாய் வழியே காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் ஜெட் எனப்படும் சிறு துளை வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அந்தத் துளையின் அளவுதான் கணக்கு. அதை மெக்கானிக்தான் மாற்ற வேண்டும்.

எஃப்.ஐ. முறை நம் கம்ப்யூட்டரைப் போன்றது. சென்சார்கள் இன்புட் தருகின்றன. இசியு, தன் மெமரியில் எக்ஸெல் ஷீட் போல வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுகிறது. அவுட்புட்டாக, இன்ஜெக்டர் சில மில்லி செகண்டுகள் திறந்து மூடுகிறது.

இதனால் என்ன லாபம்? ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பர்கூர் அதைவிடத் தாழ்வான ஊர். மேலே ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். எஃப்.ஐ. வண்டி இதைத் தானே உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது.

முதலில் வந்த கார்

எலக்ட்ரானிக் எஃப்.ஐ.யைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வேகன் டைப் 3 கார். ஏர்-கூல்டு என்ஜின் கொண்ட அந்தக் கார், போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்புடன் 1968 மாடலாக அமெரிக்காவில் விற்கப்பட்டது. அதன் கண்ட்ரோல் பெட்டியில் பிராசசரும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை. டிரான்சிஸ்டர்களால் ஆன அனலாக் சர்க்யூட்தான். 1975 முதல் அமெரிக்காவில் விற்ற பீட்டில் காரிலும் எஃப்.ஐ. வந்தது. வருடங்கள் ஓடியதும் உதிரி பாகம் கிடைப்பது கடினமாயிற்று. பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டு சோலக்ஸ் வகை கார்புரேட்டரைப் பொருத்தினார்கள்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் நிறுவனம் 2018-ல் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி பைக்கை இரண்டு விதமாகவும் விற்றது. கார்புரேட்டர் மாடலுக்கு 16.5 பிஎஸ், எஃப்.ஐ. மாடலுக்கு 16.8 பிஎஸ் பவர். பஜாஜ் நிறுவனம் 2007-ல் பல்சர் 220 பைக்கை எஃப்.ஐ.யுடன் கொண்டுவந்து, 2009-ல் அதையே கார்புரேட்டருக்கு மாற்றியது.

அப்படியானால் நாமும் மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் கம்பெனி மாற்றும்போது ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவதில்லை. அதனுடன் சேர்ந்த அனைத்தையும் மாற்றுகிறது.

எவற்றையெல்லாம் மாற்ற வேண்டும்?

பீட்டில் காரையே எடுத்துக்கொள்வோம்.

1. பெட்ரோல் பம்ப்: இதுதான் மிக முக்கியம். எஃப்.ஐ. பம்ப் சுமார் 2.5 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பழைய பம்ப்பை அப்படியே விட்டால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காது. பெட்ரோல் பொங்கி சூடான என்ஜின் மீது வழியும். வண்டி தீப்பிடிக்க இது ஒன்றே போதும்.

2. இன்டேக் மேனிஃபோல்ட்: கார்புரேட்டருக்கு ஏற்ற குழாய் அமைப்பு வேண்டும். காற்று கசியவே கூடாது.

3. ரிட்டர்ன் லைன்: மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய் இனி தேவையில்லை. அதைச் சரியாக அடைக்க வேண்டும்.

4. ஒயரிங்: கார்புரேட்டரின் ஆட்டோமேட்டிக் சோக்குக்கு 12 வோல்ட் இணைப்பு தர வேண்டும். பயன்படாத ஒயர்களை மூடி ஒட்டாவிட்டால் ஷார்ட் ஆகும்.

5. ஜெட் அளவு: பெட்ரோல் குறைவாகப் போனால் என்ஜின் அதிகம் சூடாகும். ஏர்-கூல்டு என்ஜினில் ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. வால்வும் பிஸ்டனும் கெட்டுவிடும்.

முதலில் கேபிளைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் உடனே மதர்போர்டை மாற்றுவோமா? பவர் கேபிள் சரியாக இருக்கிறதா என்றுதானே பார்ப்போம். வண்டிக்கும் அதே முறைதான். பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர், சென்சார் கனெக்டர், பெட்ரோல் ஃபில்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

என் சித்தப்பாவின் பழைய எஃப்.ஐ. பைக் சூடானதும் நின்றுவிடும். ஒரு மெக்கானிக், கார்புரேட்டர் போடுவதுதான் வழி என்று சொல்லிவிட்டார். பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, டெம்பரேச்சர் சென்சாரின் கனெக்டரில் பச்சைப் பாசி போலத் துரு பிடித்திருந்தது. இன்புட் தவறாகப் போனதால் கணக்கும் தவறியது. கனெக்டரை மாற்றியதும் பைக் சரியாகிவிட்டது. இசியு மீது எந்தக் குற்றமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இந்த எண்ணமே வேண்டாம். இவற்றில் இசியு, ஆக்சிஜன் சென்சார், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் ஒன்றையொன்று நம்பி வேலை செய்கின்றன. கார்புரேட்டர் போட்டுப் பெட்ரோல் அதிகமாகப் போனால் கன்வெர்ட்டர் பாழாகும். புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது.

எனவே, உதிரி பாகம் எங்குமே கிடைக்காத மிகப் பழைய வண்டி என்றால் மட்டும், முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் பம்ப் முதல் ஜெட் வரை முழுமையாக மாற்றுங்கள். மற்றவர்கள் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.