‘நீமோ’வுக்கு வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல லைட்டைப் பாருங்க!

கடல்நீர்த் தொட்டி வைத்தாயிற்று. 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வில் பார்த்த கோமாளி மீனும் வந்துவிட்டது. அடுத்து வீட்டில் எழும் கேள்வி: “அது ஒளிஞ்சுக்குமே, அந்தப் பூ எங்கே?”

அது பூ இல்லை. அனிமோன் எனப்படும் கடல் சாமந்தி. பவளங்களுக்குச் சொந்தக்கார விலங்கு.

கடையில் பழுப்பு நிறத்தில் ஒன்று, பால் வெள்ளையில் ஒன்று இருந்தால், கை தானாக வெள்ளையைத்தான் காட்டும். சிக்கலே அங்கேதான். கோமாளி மீன் குடியிருக்கும் அனிமோன்களின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை செய்து, தயாரிக்கும் உணவில் பெரும்பங்கை அனிமோனுக்குக் கொடுக்கின்றன. பழுப்பு, அந்தப் பாசியின் நிறம். வெள்ளை என்றால் பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். உடல் முழுக்க பளீர் மஞ்சளாக இருந்தால், சாயம் ஏற்றியதாகக்கூட இருக்கலாம்.

வெளிச்சம் குறைந்தால் அனிமோன் மறுநாளே சாகாது. முதலில் வெளிச்சத்தைப் பிடிக்க உடலை நீட்டி விரிக்கும். “நல்லா விரிஞ்சிருக்கே” என்று நாம் சந்தோஷப்படுவோம். பிறகு மாதக்கணக்கில் வெளிறிச் சுருங்கும். சில நேரம் பாறையை விட்டு நகர்ந்து வெளிச்சம் தேடிக் கிளம்பும். வழியில் அலை மோட்டாரில் சிக்கி அரைபட்டால் தண்ணீர் கெட்டு, மீன்களும் போய்விடும்.

சரி, சுமாரான லைட்தான் இருக்கிறது என்றால்?

வாட்ஸைப் பார்த்துப் பயனில்லை. அது மின்சாரக் கணக்கு. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள். பபிள் டிப் வகைக்குப் பொதுவாக 100 முதல் 250 வரை வேண்டும். ஆழம் கூடக் கூட இது குறையும். அதனால் ஆழமில்லாத தொட்டியும், லைட்டுக்குப் பக்கத்தில் காலைப் பதிக்க ஓர் இடுக்குள்ள பாறையும் பாதி வேலையை முடித்துவிடும். வாரம் ஓரிரு முறை, வாயைவிடச் சிறிய இறால் துண்டு கொடுக்கலாம். அது துணை உணவுதான், வெளிச்சத்துக்கு மாற்று அல்ல. தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். புது லைட் வாங்கினாலும் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். திடீர் வெளிச்சத்திலும் பாசி வெளியேறும். பெரிதாக வளரும் கார்ப்பெட் அனிமோனை இந்த லைட்டில் முயலவே வேண்டாம்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஓர் அனிமோன் எவ்வளவு காலம் இருக்கும்? 1828-ல் ஸ்காட்லாந்து கடற்கரையில் சர் ஜான் டேலியல் எடுத்து வளர்த்த ஒன்று, சிறு கண்ணாடி ஜாடியில் 1887 வரை வாழ்ந்தது. ‘பாட்டி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். வளர்த்தவர் 1851-லேயே காலமாகிவிட்டார். அது பாசியை நம்பாத, குளிர்க்கடல் இனம். இரை மட்டும் போதும். ஆனால் நம்ம ஊர் சூட்டுக்குத் தாங்காது.

லைட்டுக்குச் செலவு செய்ய மனமில்லையா? அனிமோனை விட்டுவிடலாம், மீனை விட வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன் குஞ்சுகளைப் பண்ணையிலேயே உருவாக்கிக் காட்டியிருக்கிறது. அப்படிப் பிறந்த மீன்கள் அனிமோனைப் பார்க்காமலே வளர்ந்து முட்டையும் இடும். கவிழ்த்து வைத்த மண்சட்டியை வீடாக்கிக்கொண்டு, கை விட்டால் கடிக்க வரும் ‘நீமோ’க்களும் உண்டு.